வங்கி உத்தியோகத்தர் எடுத்த பணமும் அவர் கேட்கும் இரண்டு மாதமும்

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். 78 வயதான உங்கள் தாயார் திருகோணமலை உவர்மலையில் தனியாக இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய மூன்று நிலையான வைப்புகளில் ஒன்று, 28 இலட்சம் ரூபா, பதினான்கு மாதங்களுக்கு முன்பே மூடப்பட்டுவிட்டதாக இப்போது தெரியவந்திருக்கிறது. சான்றிதழ் மட்டும் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. வைப்பைப் புதுப்பிப்பதற்காக வீட்டுக்கு வந்துபோகும் வங்கி உத்தியோகத்தர், விடயம் வெளிப்பட்டதும் அழுது, இரண்டு மாதத்தில் முழுவதையும் திருப்பிக் கட்டிவிடுகிறேன், யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். பொலிசுக்கா, வங்கியின் தலைமைக் காரியாலயத்துக்கா, எங்கே முதலில் போவது என்றுதான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது, அந்த இரண்டு மாதத்தைக் கொடுத்துப் பார்க்கலாமா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. கொடுக்கக்கூடாது என்பது என் பதில். காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதவேண்டியிருக்கிறது.

நான் சட்டத்தரணி அல்லன். கிழக்கு மாகாணக் கிளைகளில் முப்பது வருடத்துக்கு மேல் வங்கி வேலை செய்தவன். கடைசி ஒன்பது வருடங்கள் உள்ளகக் கணக்காய்வில் கழிந்தன. இத்தகைய மோசடிகளை விசாரித்து அறிக்கை எழுதும் மேசையில் இருந்திருக்கிறேன். உங்கள் தாயாரின் ஆவணங்களை நான் காணவில்லை. ஆகவே கீழே சட்டம்பற்றிச் சொல்பவற்றை ஒரு சட்டத்தரணியிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வங்கிக்குள் காரியங்கள் எப்படி நடக்கும் என்று சொல்பவற்றை அனுபவசாலியின் வார்த்தையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓர் அடிப்படை. வைப்பிலிட்ட காசு வங்கிப் பெட்டகத்துக்குள் உங்கள் அம்மாவின் பெயர் எழுதி வைக்கப்பட்டிருக்கும் பொருள் அன்று. வைப்பிலிட்ட கணத்திலேயே அது வங்கியின் பணமாகிவிடுகிறது. வங்கி அவருக்குக் கடனாளியாகிறது. 1848ஆம் ஆண்டு ஃபோலி எதிர் ஹில் என்ற வழக்கில் அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. வங்கித்தொழில் தொடர்பான கேள்விகளில் இங்கிலாந்துச் சட்டமே இலங்கையில் பொருந்தும் என்று 1852இன் 5ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வைத்த ஏற்பாட்டின் வழியே அது நமக்கும் வந்து சேர்ந்தது. இதன் நடைமுறைப் பொருள் பெரிது. உத்தியோகத்தர் ஒருவர் கள்ளக் கையொப்பம் வைத்து வைப்பை மூடிப் பணத்தை எடுத்திருந்தால், அவர் எடுத்தது வங்கியின் பணத்தை. வங்கி உங்கள் அம்மாவுக்குத் தரவேண்டிய கடன் அப்படியே நிற்கிறது. ஆகவே நீங்கள் கிளைக்குப் போவது களவு கொடுத்தவராகக் கருணை கேட்பதற்காக அன்று, கடன் கொடுத்தவராகக் கணக்குக் கேட்பதற்காக. இந்த வித்தியாசத்தை மனதில் பதித்துக்கொண்டு போகிறவர்களிடம் முகாமையாளர்கள் பேசும் தொனியே வேறாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது இரண்டு மாதத்துக்கு வருகிறேன். மாதச் சம்பளக்காரர் ஒருவர் அறுபது நாளில் 28 இலட்சத்தை எங்கிருந்து கொண்டுவருவார்? நான் கண்ட சம்பவங்களில் பெரும்பாலானவற்றில் விடை ஒன்றாகவே இருந்தது: இன்னொரு முதியவரின் கணக்கிலிருந்து. ஒருவரின் வைப்பை எடுத்து, அது முதிர்வடையும் நாள் நெருங்கும்போது வேறொருவரின் வைப்பை உடைத்து அந்த ஓட்டையை அடைப்பதுதான் இந்த மோசடியின் இயல்பான நடை. அதனாலேயே இவர்கள் லீவு எடுப்பதில்லை. காய்ச்சலோடும் வேலைக்கு வருவார்கள். அவர்களுடைய நாற்காலியில் வேறொருவர் ஒரு கிழமை இருந்தால் எல்லாம் அம்பலமாகிவிடும். கடமையுணர்வு மிக்கவர் என்று கிளை முழுவதும் பாராட்டிய ஒருவரின் லீவுப் பதிவேட்டைப் பார்த்துத்தான் நாங்கள் ஒரு தடவை விசாரணையைத் தொடங்கினோம். அப்படிக் கொண்டுவரப்பட்ட பணம் உங்கள் அம்மாவின் கணக்குக்கு வந்தாலும், கணக்காய்வு அதன் மூலத்தைக் கண்டுபிடிக்கும் நாளில் வங்கி அதை முடக்கலாம். நிலாவெளியிலோ மூதூரிலோ உள்ள இன்னொரு மூதாட்டியின் பணம் ஏன் இங்கே வந்தது என்று உங்களிடமே கேள்வியும் வரலாம்.

இரண்டாவது காரணம் சட்டம் சார்ந்தது. எனக்கு அதுவே பாரதூரமாகத் தெரிகிறது. 1930களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் முடிவான கிரீன்வுட் எதிர் மார்ட்டின்ஸ் வங்கி வழக்கில், மனைவி கணவரின் கையொப்பத்தைப் போலியாக இட்டுக் காசோலைகளை மாற்றிவந்ததை அறிந்த கணவர், அவள் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஏறத்தாழ எட்டு மாதங்கள் வங்கியிடம் சொல்லாமல் இருந்தார். பின்னர் அவள் இறந்துபோக, அவர் வங்கியிடம் பணத்தைக் கேட்டு வழக்கிட்டுத் தோற்றார். கள்ளக் கையொப்பத்துக்காகத் தோற்கவில்லை. அறிந்தபின்னும் மௌனமாக இருந்ததற்காகத் தோற்றார். நீங்கள் அறிந்துவிட்டீர்கள். இன்றிலிருந்து கழியும் ஒவ்வொரு கிழமையும் வங்கியின் சட்டத்தரணிக்குக் கையில் கிடைக்கும் வாதம். குற்றத்தை மறைப்பதற்கு ஈடாகப் பணம் பெற்றுக்கொள்வதைத் தண்டனைச் சட்டக்கோவையே குற்றமாகப் பார்ப்பதும் உண்டு என்பதால், "சொல்லமாட்டோம்" என்று எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்கவேண்டாம். அவர் தானாகவே பணம் தர வந்தால், கிளையில் வைத்து, வங்கியின் எழுத்துமூலமான அறிவுடன் தரச்சொல்லுங்கள்.

என்ன நடந்திருக்கலாம் என்பதில் சில வகைகள் உள்ளன. எது உங்களுடையது என்பதைப் பொறுத்து வழக்கின் பலம் மாறும். சான்றிதழே பொய்யாக இருக்கலாம்: வெற்றுத் தாளில் அச்சிட்டுக் கொடுத்து, பணத்தைக் கணக்கில் பதியாமலே விட்டிருப்பார். உங்கள் தாயாரின் வைப்பு கணினியில் மூடப்பட்டதாகக் காட்டுவதால் இது பொருந்தவில்லை. வைப்பு உண்மையாகவே இருந்திருக்கிறது. அடுத்தது, புதுப்பிக்கும் படிவம் என்று சொல்லி மூடும் படிவத்தில் கையெழுத்து வாங்குவது. வட்டிக்கான வரிப் பிடித்தம் 2023 ஜனவரியில் 5 சதவீதமாகத் தொடங்கி 2025 ஏப்ரலில் 10 சதவீதமான பின்னர், வரி செலுத்தும் அளவுக்கு வருமானம் இல்லாத முதியவர்கள் அதற்கான வெளிப்படுத்தல் படிவங்களில் கையெழுத்து வைத்துக்கொடுக்கவேண்டி வந்தது. படிவக் கட்டோடு ஒருவர் வீட்டுக்கு வந்து "இங்கே, இங்கே, இங்கே" என்று விரல் வைத்துக் காட்டினால் எந்த ஆசிரியையும் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருக்கமாட்டார். மூன்றாவது வகையைப் பலர் கவனிப்பதில்லை: வைப்பை உடைக்காமல், அதையே ஈடாக வைத்து வாடிக்கையாளர் பெயரில் கடன் எடுத்துவிடுவது. வைப்பு கணினியில் உயிரோடு இருக்கும், வட்டிகூட மாதாமாதம் வரும், ஆனால் முதல் ஏற்கெனவே போய்விட்டிருக்கும். மிஞ்சிய இரண்டு வைப்புகளும் இருக்கின்றன என்று கிளையில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கின்றனவா என்று கேட்டது போதாது. அவற்றின்மேல் ஈட்டுரிமை, கடன், உத்தரவாதம் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று எழுத்தில் கேட்கவேண்டும்.

கையொப்பம் கள்ளமானது என்றால் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமில்லை. கையொப்பம் அம்மாவுடையதே, ஆனால் அவர் அறியாமல் வைத்தது என்றால் நிலை சிக்கலாகிறது. 1918இல் லண்டன் ஜொயின்ட் ஸ்டொக் வங்கி எதிர் மக்மில்லன் வழக்கில், இடைவெளி விட்டுக் கையொப்பமிட்ட காசோலையில் ஊழியர் தொகையைப் பெருக்கி எழுதிக்கொண்டதால் வந்த நட்டம் வாடிக்கையாளரின் தலையில் விழுந்தது. உங்கள் வங்கியும் அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். ஆனால் அங்கே ஏமாற்றியவர் வாடிக்கையாளரின் ஊழியர். இங்கே ஏமாற்றியவர் வங்கியின் ஊழியர். இதற்கு நெருங்கி வருவது 1912இன் லொயிட் எதிர் கிரேஸ், சிமித் வழக்கு. ஒரு விதவை தன் இரண்டு சிறிய வீடுகள் சம்பந்தமாகச் சட்டத்தரணி நிறுவனம் ஒன்றுக்குப் போக, அங்கிருந்த முகாமை எழுதுவினைஞர் என்ன ஆவணம் என்று தெரிவிக்காமலே கையெழுத்து வாங்கிச் சொத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். நிறுவனத்துக்கு அதில் ஒரு சதமும் கிடைக்கவில்லை. ஆயினும் அவரை அந்த மேசையில் இருத்தியது நிறுவனமே என்பதால் அதுவே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. இத்தீர்ப்புகள் நம் நீதிமன்றத்தின் கையைக் கட்டிப்போடுவன அல்ல. ஆனால் உங்கள் சட்டத்தரணி தொடங்கக்கூடிய இடம் அது.

உண்மையிலேயே பலவீனமான இடம் ஒன்று உண்டு. உத்தியோகத்தர் "வங்கியில் எட்டு வீதம்தான், என்னிடம் தந்தால் இருபது" என்று தனிப்பட வாங்கிய காசு இருந்தால், அது வங்கிக் கடனாக நிற்பது மிகக் கடினம். வீட்டில் வைத்துப் பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுத்த காசும் ஏறத்தாழ அப்படித்தான். அம்மா அப்படி ஏதாவது கொடுத்தாரா என்று மெதுவாகக் கேளுங்கள். கொடுத்திருந்தால் அதை மறைக்காமல், ஆனால் 28 இலட்சத்தோடு கலக்காமல், வேறாக எழுதுங்கள். இரண்டையும் ஒரே முறைப்பாட்டில் குழப்பிவிட்டால் பலமான பகுதியும் சேர்ந்து பலவீனமாகும்.

அடுத்து, கிளையில் செய்யவேண்டியவை. கணக்குத் தகவலைப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு 1988ஆம் ஆண்டு வங்கித்தொழில் சட்டத்தின் இரகசியக் கடப்பாடு இடங்கொடாது. ஆகவே வெளிநாட்டிலிருந்து நீங்கள் எடுக்கும் தொலைபேசி அழைப்புக்கு அவர்கள் பதில் சொல்லாதது எப்போதும் மறைப்பாகாது. அம்மா நேரில் போகவேண்டும், நம்பிக்கையான உறவினர் ஒருவர் கூடப் போகவேண்டும். சம்பந்தப்பட்ட உத்தியோகத்தர் இருக்கும் பக்கத்துக்கே போகாமல் முகாமையாளரிடம் போகவேண்டும். அம்மா பெயரிலுள்ள எல்லாக் கணக்குகளுக்கும் இருப்பு உறுதிக் கடிதம் கேளுங்கள். ஒன்பது இலக்கத்தோடு எழுத்து வரும் பழைய அடையாள அட்டை இலக்கத்தையும், 2016இல் வந்த பன்னிரண்டு இலக்க முறையிலான இலக்கத்தையும் இரண்டையும் கொடுத்துத் தேடச்சொல்லுங்கள். பழைய இலக்கத்தின்கீழ் மறந்துகிடக்கும் கணக்குகள் இத்தகையவர்களுக்கு வாய்ப்பான இடம். கணக்கோடு இணைந்துள்ள தொலைபேசி இலக்கம் எது, அது எப்போது மாற்றப்பட்டது, ஏடிஎம் அட்டையோ கைபேசி வங்கிச் சேவையோ அம்மா கேளாமல் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அன்றே நிறுத்துங்கள். குறுந்தகவல் வரவில்லை என்று அம்மா சொன்னாரல்லவா, காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மூலச் சான்றிதழை யாரிடமும் கொடுக்கவேண்டாம். "சரிபார்த்துத் தருகிறோம்" என்று கேட்பார்கள். பிரதியைக் கொடுங்கள், மூலத்தைக் கண்ணால் மட்டும் காட்டுங்கள்.

அதே கிழமையில் தலைமைக் காரியாலயத்துக்குப் பதிவுத்தபாலில் ஒரு கடிதம் போகவேண்டும். அதில் குற்றச்சாட்டுகளைவிடக் கேள்விகள் கூடுதலாக இருக்கட்டும்: எந்தத் திகதியில், எந்த ஆவணத்தின்மேல் வைப்பு மூடப்பட்டது, பணம் எந்தக் கணக்குக்குச் சென்றது, பதிவு செய்தவரின் கணினிப் பாவனையாளர் அடையாளம் எது, அங்கீகரித்தவருடையது எது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒருவர் பதிய இன்னொருவர் அங்கீகரிப்பதே வங்கி முறை. ஆகவே 28 இலட்சம் வெளியேறியபோது இரண்டாவது ஒருவரின் விரலும் அதில் பட்டிருக்கவேண்டும், அல்லது அந்த இரண்டாமவர் தன் கடவுச்சொல்லை இந்த உத்தியோகத்தரிடம் கொடுத்திருக்கவேண்டும். இரண்டாவது விடயம் நீங்கள் நினைப்பதைவிடச் சாதாரணம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அது நடக்கும். வங்கியின் மேற்பார்வை தவறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 2006ஆம் ஆண்டு நிதிக் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின்படி பதிவேடுகளை ஆறு வருடங்கள் வைத்திருக்கவேண்டும் என்பதால் ஆவணங்கள் இருக்கும். கமராப் பதிவுகள் அவ்வளவு காலம் இரா. பதினான்கு மாதத்துக்கு முந்தியவை அழிந்திருக்கக்கூடும், ஆனாலும் இருப்பவற்றைப் பாதுகாக்குமாறு எழுத்தில் கேட்டுவையுங்கள்.

அம்மாவைப்பற்றி ஒரு வார்த்தை. அவர் அந்த உத்தியோகத்தரை இப்போதும் "அந்தப் பிள்ளை" என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தப் போகாதீர்கள். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, மருந்து வாங்கிக் கொடுத்ததும் ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்றிதழ் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவர்தான். ஏசப்படும் முதியவர் அடுத்த கேள்விக்கு "ஞாபகமில்லை" என்று சொல்லிவிடுவார். விசாரணையில் அந்த வார்த்தை அவருக்கே எதிராகத் திரும்பும். அவருக்கு நினைவிருப்பதை இப்போதே, அவர் சொல்லும் ஒழுங்கிலேயே எழுதி, திகதியிட்டுக் கையொப்பம் வாங்குங்கள். சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் சத்தியக்கடதாசியாக்கினால் இன்னும் நல்லது. உண்மையிலேயே ஞாபகமில்லாத இடத்தில் ஞாபகமில்லை என்றே எழுதட்டும்.

பொலிஸ் முறைப்பாடு வங்கிக் கடிதத்தின் பின் ஓரிரு நாளில் செய்யப்படலாம், அதற்குமேல் தள்ளவேண்டாம். வடக்குக் கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பது 1988இன் பதினாறாவது திருத்தத்திலிருந்து அரசியலமைப்பில் இருக்கிறது. ஆயினும் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, வாயால் மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டுக் கையொப்பம் கேட்கப்படும் நிலை திருகோணமலையிலும் வருவதுண்டு. அதனால் முறைப்பாட்டைத் தமிழில் நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கையளித்து, இலக்கமிட்ட சீட்டைக் கேட்டு வாங்குவது நல்லது. வாசிக்க முடியாத தாளில் கையெழுத்து வைத்துத்தானே இவ்வளவும் நடந்தது. தண்டனைச் சட்டக்கோவையின் 391, 392ஆம் பிரிவுகள் எழுதுவினைஞரும் வங்கியாளரும் செய்யும் நம்பிக்கை மோசடிபற்றியவை. அரச வங்கியானால் 1982ஆம் ஆண்டின் பொதுச் சொத்துகளுக்கு எதிரான குற்றங்கள் பற்றிய சட்டமும் வரக்கூடும். எதன்கீழ் வழக்கு என்பது உங்கள் கையில் இல்லை, அதைப்பற்றிக் கவலைப்படவும் வேண்டாம். குற்ற வழக்கு ஆமை வேகத்தில் போகும், அதனால் பணம் திரும்பும் என்ற உறுதியும் இல்லை. பணத்துக்கான வழி வங்கியோடு நீங்கள் நடத்தும் கடிதப் போக்குவரத்துதான்.

வங்கி மழுப்பினால் மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களம் இருக்கிறது. 1935 என்ற இலக்கத்தில் பேசலாம், திருகோணமலையில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகமும் உண்டு. அவர்கள் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள், ஆனால் அவர்களுடைய கடிதத்துக்கு வங்கி பதில் சொல்லியாகவேண்டும். அதற்கடுத்து, வாடிக்கையாளருக்கும் வங்கிக்கும் இடையிலான பிணக்குகளை விசாரிக்கும் நிதியியல் ஒம்புட்ஸ்மன். கட்டணம் இல்லை, ஆனால் முதலில் வங்கியிடம் முறையிட்டிருக்கவேண்டும், வழக்கு நீதிமன்றத்தில் இருந்தால் ஏற்கமாட்டார். ஆகவே ஆத்திரத்தில் முதலிலேயே சிவில் வழக்குப் போட்டு அந்தக் கதவை மூடிக்கொள்ளாதீர்கள். அதேநேரம் காலவரையறை ஓடிக்கொண்டிருக்கும்: 1871ஆம் ஆண்டுக் காலவதிக் கட்டளைச்சட்டத்தில் எழுத்துமூல ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், தீங்குக்கான நட்டஈட்டுக்கு இரண்டு வருடம். உங்கள் விடயத்தில் பதினான்கு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. எந்தத் திகதியிலிருந்து எண்ணுவது என்பது வாதத்துக்குரியது. பாதுகாப்பாக, மூடப்பட்ட நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். அப்படியானால் பத்து மாதம் மிச்சம். சட்டத்தரணிக்குச் செலவழிக்க இயலாதவர்களுக்குத் திருகோணமலையில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது. வைப்புக் காப்புறுதியில் 11 இலட்சம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதாகக் கேட்டிருந்தீர்கள். அது வங்கியின் உரிமம் இரத்தாகும்போதோ இடைநிறுத்தப்படும்போதோ உள்ள பாதுகாப்பு, உத்தியோகத்தர் செய்யும் மோசடிக்குப் பொருந்தாது.

நீங்கள் வரமுடியாவிட்டால் அம்மா உறவினர் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (தனக்காகச் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் எழுத்துமூல அதிகாரம்) எழுதிக்கொடுக்கலாம்; ஆனால் அதில் பணம் மீளப்பெறும் அதிகாரத்தைச் சேர்க்காமல், தகவல் பெறவும் முறையிடவும் மட்டும் எழுதச்சொல்லுங்கள். ஒரு ஆபத்திலிருந்து காப்பாற்றப்போய் இன்னொரு ஆபத்தைப் பெயர் எழுதி உருவாக்கியவர்களைக் கண்டிருக்கிறேன்.

கேள்வியின் கடைசி வரியில் போகிறபோக்கில் பெரியம்மாவைக் குறிப்பிட்டிருந்தீர்கள்: அவருக்கும் அதே கிளையில் கணக்கு, கைநாட்டு வைப்பவர், அவருடைய புத்தகம் "பத்திரத்துக்காக" அதே உத்தியோகத்தரிடம் இருக்கிறது என்று. அவரையும் அம்மாவோடு அதே நாளில், அதே வாகனத்தில் அழைத்துப்போங்கள். புத்தகத்தை உத்தியோகத்தரிடம் கேட்கவேண்டாம். தொலைந்துவிட்டது என்று முகாமையாளரிடம் எழுதிக்கொடுக்கவும் வேண்டாம், அது உண்மையல்லவே. யாரிடம் இருக்கிறது என்பதை உள்ளபடி எழுதி, அந்தக் கணக்கின் கடந்த ஆறு வருடக் கூற்றைக் கேளுங்கள்.